பூட்டுக்காரர் மாலுமியான கதை

"இந்த ஆண்டு எத்தனை நாட்கள் கடலில் இருந்தீர்கள்?" என்று லேப்டாப் கேட்டது.

பூட்டுக்காரர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். கேள்வி மாறவில்லை. அவர் கடைசியாகக் கடலைப் பார்த்தபோது செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, கணுக்கால் நனையாத தூரத்தில்தான் நின்றிருந்தார். பெரிய மாப்பிள்ளைக்குப் போன் போட்டார்.

"மாப்பிள்ளை, வரிக் கணக்கு போட நீங்க சொன்ன வரித்தோழன் என்னைக் கடலுக்கு அனுப்பறான்."

"தொழில்னு கேட்ட இடத்துல என்ன போட்டீங்க மாமா?"

"பூட்டுன்னு தேடினேன். பூக்கடை இருக்கு, பூச்சி மருந்து இருக்கு, பூட்டு இல்ல. கீழ இருக்குமோன்னு உருட்டினேன். விரல் வழுக்கி எங்கயோ போய் நின்னுடுச்சு."

"எங்க?"

"மாலுமி."

மறுமுனையில் யாரோ வாயைப் பொத்திக்கொள்வது கேட்டது. பெரிய மாப்பிள்ளை இன்ஷூரன்ஸ் ஆபீஸில் வேலை பார்ப்பவர். எந்த விபத்துக்கும் அலட்டிக்கொள்ள மாட்டார்.

"ஒண்ணும் பயப்படாதீங்க மாமா. கடல்ல பூஜ்யம் நாள்னு போடுங்க. அதுவா வழிக்கு வந்துடும்."

பூஜ்யம் போட்டார். வரித்தோழன் வழிக்கு வரவில்லை. 'கப்பல் புறப்படாததற்குக் காரணம்?' என்று கேட்டு, புயல், பழுது, கடற்கொள்ளை என மூன்று பதில்களை நீட்டியது. கப்பலே கிடையாது என்று சொல்ல நான்காவது கட்டம் இல்லை. ரிப்பேர் வேலை செய்கிறவர் என்ற முறையில் 'பழுது' தான் மனசாட்சிக்கு நெருக்கமாகப் பட்டது. அதை அமுக்கினார்.

உடனே பழுதடைந்த கப்பலின் எடையைக் கேட்டது.

இந்த வம்பெல்லாம் போன ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டில் ஆரம்பித்தது. இரண்டு மகள்களும் இரண்டு மாப்பிள்ளைகளும் வந்திருந்தார்கள். மனைவி சாதாரணமாகத்தான் பேச்சை எடுத்தாள்.

"ஏங்க, முன்னறையில ஜன்னல் பக்கம் எனக்கு ஒரு மேஜை போட்டுக்கவா? ஸ்டோர் ரூம்ல உக்காந்து கண்ணு பூத்துப் போகுது. மின்விசிறிகூட இல்ல."

முன்னறை பூட்டுக்காரரின் ராஜ்யம். ஜன்னலோரம் அவருடைய நாற்காலி. அதைச் சுற்றிப் பெட்டி பெட்டியாகச் சாவியில்லாத பூட்டுகளும் பூட்டில்லாத சாவிகளும். என்றாவது ஒன்றுக்கொன்று பொருந்தும் என்று வைத்திருந்தார். மனைவியோ சமையலறைக்குப் பக்கத்தில் இருந்த ஸ்டோர் ரூமில், சின்ன மகள் விட்டுப்போன பழைய கம்ப்யூட்டர் முன்னால் தினமும் உட்கார்ந்து ஏதோ தட்டிக்கொண்டிருப்பாள். என்ன வேலை என்று அவர் கேட்டதில்லை. ஊரில் உள்ள கதவெல்லாம் திறந்து பார்த்தவர், அந்த ஒரு கதவை மட்டும் தள்ளிக்கூடப் பார்த்தது கிடையாது. சித்தி மகள்களோடு அரட்டை என்று தானாகவே முடிவு கட்டியிருந்தார்.

"உனக்கெதுக்கு மேஜை? கலெக்டர் வேலையா பாக்கற?"

"உங்க வரிக் கணக்கை வருஷா வருஷம் யார் போடறா? கீபோர்டுல இடம் விடற ஸ்பேஸ் கட்டை இறுகிக்குது, பூட்டுக்கு விடற எண்ணெயில ரெண்டு சொட்டு விட்டுத் தாங்கன்னு எத்தனை நாளா கேக்கறேன்?"

"வரிக் கணக்கு என்ன பெரிய கம்பசூத்திரமா? இப்பதான் எல்லாத்துக்கும் சாப்ட்வேர் சும்மாவே தர்றானே. பொத்தானை அமுக்கினா முடிஞ்சுது."

மனைவி குழம்புக் கரண்டியைக் கீழே வைத்தாள். "அப்ப இந்த வருஷம் நீங்களே அமுக்குங்க. அடுத்த ஞாயித்துக்கிழமைக்குள்ள போட்டுக் காட்டினா முன்னறை உங்களுக்கே. இல்லன்னா பூட்டுப் பெட்டியெல்லாம் ஸ்டோர் ரூமுக்குப் போகும். நாற்காலியும்தான்."

"நான் கேக்காம ஒரு வார்த்தைகூட நீ சொல்லித் தரக் கூடாது!"

"நீங்க கேட்டாலும் உதவல, போதுமா?"

அந்த இடத்தில்தான் மாப்பிள்ளைகள் மூக்கை நுழைத்தார்கள். "வரித்தோழன் போடுங்க மாமா, முழுக்க இலவசம்," என்றார் பெரியவர். "அதெல்லாம் பழசு. சுலபவரிதான் இப்ப எல்லாரும் போடறாங்க," என்றார் டைல்ஸ் கடை வைத்திருக்கும் சின்னவர். பெரியவர் ஒரு குடை வாங்கினால் சின்னவர் அதைவிட ஒரு சாண் பெரிய குடை வாங்குவார். ஒருவர் சொன்னதைக் கேட்டு இன்னொருவர் சொன்னதை விட்டால், விடப்பட்டவரின் மனைவி அழுதுகொண்டே போன் செய்வாள். ஆகவே பூட்டுக்காரர் இருவரையும் பார்த்துத் தனித்தனியாகத் தலையாட்டி வைத்தார். பெரியவர் கையோடு தன் லேப்டாப்பையும் இரவல் கொடுத்துவிட்டுப் போனார்.

அந்த லேப்டாப்தான் இப்போது கப்பலின் எடையைக் கேட்டுக்கொண்டிருந்தது. பூட்டுக்காரர் எடைக்குத் தன் கடை ஷட்டரின் எடையைப் போட்டார். நீளத்துக்குக் கடையின் நீளத்தைப் போட்டார். இப்படியே ஒப்பேற்றிக் கடைசிப் பக்கத்துக்கு வந்தபோது, திரையில் ஒரு நங்கூரம் ஆடிக்கொண்டே வந்தது.

'வாழ்த்துகள், கேப்டன்! மாலுமிகளுக்கு இலவசச் சேவை இல்லை. சமுத்திரத் தொகுப்பை வாங்கவும்.'

"உன் சமுத்திரத்துல இடி விழ," என்று லேப்டாப்பை மூடினார்.

மறுநாள் திருட்டுத்தனமாகச் சுலபவரியைத் திறந்தார். பெரிய மாப்பிள்ளையின் லேப்டாப்பில் சின்ன மாப்பிள்ளையின் மென்பொருள். வாசல் கதவைத் தாழிட்டுக்கொண்டார்.

சின்ன மாப்பிள்ளை போனில் உற்சாகமாக இருந்தார். "மாமா, இதுல ஒரு விசேஷம். நீங்க ஒண்ணுமே நிரப்ப வேண்டாம். வேற எங்கயாவது பாதி போட்டிருந்தீங்கன்னா அதுவே போய் எடுத்துக்கிட்டு வந்துடும்."

"வேற எங்கயும் போடலையே மாப்பிள்ளை!" என்று அவர் பதறுவதற்குள் அது போய் எடுத்துக்கொண்டு வந்துவிட்டது. கப்பல் உட்பட.

சுலபவரி இன்னும் கெட்டிக்காரி. அவருடைய கடையையும் கப்பலையும் சேர்த்து, 'மிதக்கும் பூட்டு வணிகம்' என்று தானாகவே பெயர் வைத்தது. குடும்ப விவரம் கேட்டது. மனைவியின் பெயரைப் போட்டார். அவளைத் துணை மாலுமியாகச் சேர்த்துக்கொண்டு, 'இவருக்கு நீச்சல் தெரியுமா?' என்று கேட்டது. அவருக்கு உண்மையாகவே தெரியவில்லை. சமையலறையை எட்டிப் பார்த்தார். கேட்டால் உதவி கேட்ட மாதிரி ஆகிவிடும்.

"என்ன வேணும்?" என்றாள் மனைவி.

"ஒண்ணுமில்ல. சும்மாதான் பாத்தேன்."

"கல்யாணமாகி இத்தனை வருஷத்துல சும்மா பாத்ததே இல்லையே."

திரும்பி வந்து, எல்லாவற்றையும் அழித்துவிடலாம் என்று வெளியேறினார். மறுபடி நுழையக் கடவுச்சொல் கேட்டது. நினைவில்லை. மகள் பெயர், மற்ற மகள் பெயர், கடைப் பெயர் என்று போட்டுப் பார்த்தார். திரை சிவந்தது.

'நீங்கள் பூட்டப்பட்டுவிட்டீர்கள்.'

ஊரில் வங்கிக்காரன் முதல் போலீஸ்காரன் வரை அவசரத்துக்கு ஓடிவருவது அவரிடம்தான். அவரைப் போய் ஒரு டைல்ஸ் கடைக்காரர் சிபாரிசு செய்த மென்பொருள் பூட்டிவிட்டது. நாற்காலியில் சாய்ந்து மோட்டு வளையைப் பார்த்தார். ஜன்னல் வழியாகக் காற்று நன்றாக வந்தது. ஸ்டோர் ரூமில் இந்தக் காற்று கிடையாது என்பது ஞாபகத்துக்கு வந்தது.

போதாக்குறைக்கு மாப்பிள்ளைகள் மாறி மாறிப் போன் செய்தார்கள்.

"மாமா, நம்ம வரித்தோழன்லதானே போடறீங்க?"

"அதுலதான் மாப்பிள்ளை, வேற எதுல?"

"மாமா, சுலபவரி எப்படி ஓடுது?"

"ஓடுதா? மிதக்குது மாப்பிள்ளை!"

"அப்ப ஞாயித்துக்கிழமை வந்து நேர்லயே பாக்கறோம்," என்றார்கள் இருவரும், தனித்தனியாக.

அவரைக் காப்பாற்றியவர் பெட்டிச் சாவியைத் தொலைத்துவிட்டுக் கடைக்கு வந்த டெய்லர்.

"எதுக்கு இப்படி முழி பிதுங்கி உக்காந்திருக்கீங்க? கணக்குக்கிளி போடுங்க. அதுவும் இலவசம்தான். மூலையில ஒரு பச்சைக்கிளி இருக்கும். தெரியலன்னா அதைக் கேளுங்க, சொல்லும்."

"கிளியா?"

"மெஷின்தான். ஆனா நம்ம மச்சான் மச்சினிச்சியைவிடப் பொறுமை. நான் திட்டிக்கூடப் பாத்துட்டேன், கோபமே வராது."

மறுநாள் காலை பூட்டுக்காரர் கடைக்கு லீவு விட்டுவிட்டுக் கிளியைத் திறந்தார். அது சிறகை ஒருமுறை அடித்தது.

'வணக்கம்! நான் கிளி. என்ன உதவி வேண்டும்?'

ஒற்றை விரலால் தட்டினார். "கிளி, நான் மாலுமி இல்ல."

'நல்லது. பிறகு நீங்கள் யார்?'

இதுவரை எந்த மென்பொருளும் அவரை இப்படிக் கேட்டதில்லை. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். பூட்டு, சாவி, கடை, கப்பல், மாப்பிள்ளைகள், குடை என்று ஆரம்பத்திலிருந்து எல்லாவற்றையும் கொட்டினார். கிளி பொறுமையாகக் கேட்டது. பிறகு ஒரே மூச்சில் பதில் வந்தது.

'தொழில்கட்டத்தில்மற்றவைஎன்பதைத்தேர்ந்தெடுத்துபூட்டுக்கடைஎன்றுஎழுதவும்.'

"பாவம், பறவை இல்லையா. மூச்சு விடாம பேசுது," என்று பூட்டுக்காரர் தனக்குள் சொல்லிக்கொண்டு, எழுத்துக்கூட்டிப் படித்து அப்படியே செய்தார். கப்பல் மூழ்கியது.

அதன் பிறகு காரியம் மளமளவென்று நடந்தது. வாடகை ரசீதை எங்கே போடுவது, கடைக்கு வாங்கிய சாவி ராவுகிற மெஷினை எந்தக் கட்டத்தில் காட்டுவது, எல்லாம் கிளி அலகால் கொத்தி எடுத்த மாதிரி சொன்னது. ரசீது எங்கே என்று அவர் தேடியபோது, 'பெரும்பாலானோர் அலமாரியின் மேல்தட்டில் பிஸ்கட் டப்பாவில் வைத்திருப்பார்கள்' என்றது. போய்ப் பார்த்தார். அங்கேதான் இருந்தது. விஞ்ஞானம் இவ்வளவு தூரம் வளர்ந்துவிட்டதை நினைத்து மலைத்துப்போனார்.

'மனைவியின் வருமானம்?' என்றொரு கட்டம் வந்தது.

"அவளுக்கென்ன வருமானம்? சும்மா உள்ள உக்காந்து தட்டிக்கிட்டிருக்கா," என்று கிளிக்கு எழுதினார்.

கிளி தலையைச் சாய்த்துக் கேட்டது: 'அதை மனைவியிடமே கேட்டு நிரப்பலாமே?'

"கேக்க முடியாது. பந்தயம். கேட்டா என் ரூம் போயிடும்."

'அப்படியானால் அந்தக் கட்டத்தை விட்டுவிடுங்கள். நான் பார்த்துக்கொள்கிறேன்.'

பூட்டுக்காரருக்கு மனசு நெகிழ்ந்துவிட்டது. நெகிழ்ந்தவர் வேறு எவரிடமும் சொல்லாததையும் தட்டினார். "கிளி, உன்கிட்ட சொல்றதுக்கென்ன. இத்தனை வருஷமா அவதான் இதெல்லாம் பாத்தா. இவ்வளவு கஷ்டம்னு எனக்குத் தெரியவே தெரியாது. ஒரு நாள்கூட நல்லா போட்டேன்னு சொன்னதில்ல. இது மட்டும் அவளுக்குத் தெரியக்கூடாது."

'உங்கள் தகவல்கள் இங்கே பாதுகாப்பாக இருக்கும்,' என்றது கிளி. அதற்கப்புறம் வெகுநேரம் பேச்சே இல்லை. கெட்டுப்போய்விட்டதோ என்று லேப்டாப்பின் முதுகில் மெல்லத் தட்டினார்.

அப்போது மனைவி வந்து, கேட்காமலேயே ஒரு டம்ளர் டீயை அவர் பக்கத்தில் வைத்தாள். அவர் பாய்ந்து இரண்டு கையாலும் திரையை மறைத்தார்.

"எட்டிப் பாக்காத! இது என் கணக்கு!"

"நான் ஏன் பாக்கறேன்?" என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டே உள்ளே போனாள். ஜலதோஷம் போல.

அவர் டீயைக் குடித்து முடித்தபோது கிளி மறுபடி சிறகடித்தது. 'எல்லாம் சரியாக இருக்கிறது. அனுப்பு என்பதை அழுத்தவும். நல்லா போட்டிருக்கீங்க.'

ஞாயிற்றுக்கிழமை வந்தது. பூட்டுக்காரர் ஒப்புகைச் சீட்டைப் பிரிண்ட் எடுத்து, மடிப்புக் கலையாமல் மேஜை நடுவில் வைத்தார். பெரிய மாப்பிள்ளை சின்ன மாப்பிள்ளையை ஒரு பார்வை பார்த்தார். சின்ன மாப்பிள்ளை அதையே திருப்பிப் பார்த்தார். இருவருமே ஜெயித்ததாக நினைத்துக்கொண்டிருந்ததால் வீடே மகிழ்ச்சியாக இருந்தது.

மனைவி சீட்டை வாங்கி மேலிருந்து கீழ்வரை படித்தாள்.

"ஒரு தப்புகூட இல்ல. நீங்க ஜெயிச்சுட்டீங்க. முன்னறை உங்களுக்கே."

"யார் உதவியும் இல்லாம!" என்றார் பூட்டுக்காரர், நாற்காலியில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு. "மூளை வேணும்மா, மூளை. சும்மா உள்ள உக்காந்து தட்டறதுக்கும் இதுக்கும் வித்தியாசம் இருக்கு."

"ஏம்பா," என்று ஆரம்பித்த பெரிய மகளின் கையை அம்மா மேஜைக்குக் கீழே அழுத்தினாள்.

வாசல் மணி அடித்தது. ஜெயித்தவர் என்ற மிதப்பில் பூட்டுக்காரரே எழுந்து போய்க் கதவைத் திறந்தார். நீளமான அட்டைப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, கழுத்தில் அடையாள அட்டையோடு ஒரு மெக்கானிக் நின்றிருந்தார். சட்டைப் பையின்மேல் ஒரு பச்சைக்கிளி சிறகை விரித்திருந்தது.

"கணக்குக்கிளி ஆபீஸ்லேர்ந்து வர்றேன் சார். ஸ்பேஸ் கட்டை இறுகிக்குதுன்னு சொன்னாங்களாம், புது கீபோர்டு மாட்டணும். எங்க கிளியம்மா எந்த ரூம்ல சார் உக்காந்து வேலை பாக்கறாங்க?"