தாசில்தார் மாமாவும் சீட்டு இல்லாத வண்டியும்

வண்டியைப் பற்றி ஒன்றும் தெரியாதவன் அதைப் பயந்து பயந்து ஓட்டி, பத்திரமாக வீடு வந்து சேர்ந்துவிடுவான். எல்லாம் தெரிந்தவன்தான் விளக்கம் சொல்லிக்கொண்டே போய் விழுவான். நான் இரண்டாவது ரகம்.

அப்போது எனக்குக் கல்யாணம் ஆகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் இயற்பியல் ஆசிரியர். ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பர்களோடு மலையடிவாரத்துக் காட்டுப் பாதைகளில் பைக் ஓட்டப் போவேன். (அவர்கள் ஓட்டுவார்கள். நான் பள்ளிக்கூடம் போகிற வண்டியைச் சகதியிலிருந்து தள்ளிக்கொண்டிருப்பேன்.) இந்தச் சமயத்தில்தான் ட்ரயல்ஸ் பைக் என்ற வஸ்து என் கைப்பேசித் திரையில் தோன்றியது. பாறை மேலும் மரக்கட்டை மேலும் கால் ஊன்றாமல் ஏறுவதற்கென்றே செய்த ஒல்லியான வண்டி. அதை ஓட்டுகிறவர்கள் செங்குத்தான பாறையில் பல்லியைப் போல ஏறினார்கள். நானும் பல்லியாக முடிவு செய்தேன்.

பழசா, புதுசா என்பதுதான் சிக்கல். பழைய காலத்து ட்ரயல்ஸ் வண்டி கனமானது. அதன் டிரம் பிரேக்கில் தண்ணீர் புகுந்தால் கொஞ்ச நேரத்துக்குப் பிடிக்காது. ஆனால் சின்னதாக ஒரு சீட்டும் சுமாரான பெட்ரோல் டேங்கும் உண்டு, நாள் முழுக்கக் காட்டில் திரியலாம். புதுசு லேசானது. டிஸ்க் பிரேக், ஒரே விரலால் அமுக்குகிற கிளச். ஆனால் சீட்டே கிடையாது, நின்றுகொண்டேதான் ஓட்ட வேண்டும். இந்த வேறுபாடுகளைப் பற்றி ஆசிரியர் அறையில் நான் பல மாதங்கள் சொற்பொழிவாற்றினேன். தமிழ் ஐயா என்னைக் கண்டாலே இல்லாத வகுப்புக்குக் கிளம்பிப் போய்விடுவார். இரண்டில் எதையாவது நான் அதுவரை தொட்டாவது பார்த்திருக்கிறேனா என்று யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

கடைசியில் இரண்டும் ஒரே இடத்தில் கிடைத்தன. காயல்பட்டினத்துக்காரரான காதர் காக்கா (அங்கே அண்ணனைக் காக்கா என்பார்கள்) வளைகுடாவில் வேலை பார்த்தபோது இதே பித்துப் பிடித்து, ஊர் திரும்பும்போது ஒரு பழசையும் ஒரு புதுசையும் கொண்டுவந்திருந்தார். ஆழ்வார்திருநகரிக்குப் பக்கத்தில் ஆற்றங்கரையில் இருந்த தன் வாழைத்தோட்டத்தில் வைத்து ஓட்டிக்கொண்டிருந்தார். இரண்டில் ஒன்றைத் தள்ளிவிடச் சொல்லி வீட்டில் உத்தரவாம்.

என் வீட்டிலும் ஓர் உத்தரவு வந்தது. "அப்பாவையும் கூட்டிட்டுப் போங்க. அவங்க சரின்னு சொன்னா வாங்குங்க" என்றாள் என் மனைவி செல்வி.

செல்வியின் அப்பா ஓய்வு பெற்ற தாசில்தார். கஞ்சி போட்ட வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கையில் குடை. எந்த விண்ணப்பத்தையும் முதல் பார்வையிலேயே நிராகரிக்கிற முகம். பெண்ணை எனக்குக் கொடுத்தது சரிதானா என்ற கோப்பை அவர் இன்னும் மூடவில்லை என்று எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. இன்றைக்கு என் அறிவைக் காட்டி அதில் கையெழுத்து வாங்கிவிடலாம் என்று காரை எடுத்தேன். வழி நெடுக நான் பேசினேன். அவர் ஜன்னல் வழியாக வயலைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

தோட்டத்தில் காக்கா இரண்டு வண்டிகளையும் துடைத்து நிறுத்தியிருந்தார். மாமா புதுசை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். குனிந்து பார்த்தார்.

"மாப்ள, சீட்டு எங்க?"

"இதுக்குச் சீட்டு கிடையாது மாமா. நின்னுக்கிட்டேதான் ஓட்டணும்."

"ரோட்டுல போகலாமா?"

"ரோட்டுக்கு இல்ல அண்ணாச்சி. தோட்டம் தொரவு, காட்டுக்கு மட்டும்தான்" என்றார் காக்கா.

மாமா குடையை ஊன்றிக்கொண்டு யோசித்தார். "அப்ப ரோட்டுலயும் போக முடியாது, உக்காரவும் முடியாது. இதை என்ன சோலிக்கு வாங்குதீங்க?"

செய்து காட்டினால் புரிந்துகொள்வார் என்று நினைத்தேன். வண்டி மேல் ஏறி நின்று, ஈர்ப்பு மையம் பற்றி இருவருக்கும் சுருக்கமாக ஒரு பாடம் எடுத்தேன். ஹெல்மெட்டைச் சரிசெய்தேன். ஆக்சிலேட்டரை முறுக்கி, ஒரு விரலால் பிடித்திருந்த கிளச்சை விட்டேன்.

அடுத்து நடந்ததை இயற்பியல் விளக்கிவிடும், மனசுதான் ஏற்காது. முன் சக்கரம் என் முகத்துக்கு நேராக எழுந்தது. கைப்பிடி கையைவிட்டு நழுவியது. வண்டி மட்டும் ஒற்றைச் சக்கரத்தில் கம்பீரமாகப் போய் வாழைகளுக்குள் நுழைந்தது. உள்ளே ஒரு வாழை தாரோடு சாய்கிற சத்தம் கேட்டது. நான் புறப்பட்ட இடத்திலேயே, கைப்பிடியைப் பிடித்திருந்த பாவனையில் இரண்டு கைகளையும் நீட்டியபடி நின்றிருந்தேன்.

"வண்டி நல்லாத்தான் போவுது மாப்ள. நீங்கதான் போகல" என்றார் மாமா.

காக்கா வாழைகளுக்குள் ஒரு முறை எட்டிப் பார்த்துவிட்டுப் பழசைக் காட்டினார். கிக்கரை உதைத்தேன், அது என்னைத் திருப்பி உதைத்தது. கெண்டைக்கால் வலியை மறைத்துக்கொண்டு மறுபடி உதைத்ததும் கிளம்பிவிட்டது. இது வேறு மாதிரி வண்டி. எருமையைப் போல நிதானம். வரப்பில் ஏறினேன், பள்ளத்தில் இறங்கினேன், கால் ஊன்றாமல் ஒரு தென்னை மட்டையைக்கூடக் கடந்தேன். திரும்பி வந்தபோது நான் பாதி பல்லியாகியிருந்தேன்.

அந்தப் பெருமிதத்தில் இருந்தபோதுதான் மாமா குடையைக் காக்கா கையில் கொடுத்தார். "இதுல சீட்டு இருக்கே. நானும் ஒரு சுத்து உக்காந்து பாக்கேன்."

அது ஒருவர் உட்காருவதற்கான சீட்டு. பின்னால் உட்காருகிறவர் கால் வைக்க இடமே கிடையாது. இதை நான் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் கல்யாணமான நாளிலிருந்து அந்த மனிதர் என்னிடம் ஆசைப்பட்டுக் கேட்ட முதல் விஷயம் அது. "உக்காருங்க மாமா" என்றேன்.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினார். கால்களை வைக்க வழியில்லாமல் இரண்டு பக்கமும் விரித்துத் தூக்கிக்கொண்டார். பார்ப்பதற்குக் கொக்கு தரையிறங்குவதைப் போல இருந்திருக்கும். என் இடுப்பை இறுகப் பிடித்துக்கொண்டார். ஆற்றை நோக்கிப் போகும் பாதையில் விட்டேன். நடுவே வாய்க்கால் குறுக்கிட்டது. முழங்கால் தண்ணீர்தான். அதை அட்டகாசமாகக் கடந்தேன். மாமா "ம்" என்றார். (அவருடைய அகராதியில் அது பாராட்டு.)

வாய்க்காலைத் தாண்டினால் மணல் சரிவு, சரிவின் அடியில் தாமிரபரணி. பிரேக்கை மிதித்தேன். ஒன்றும் நடக்கவில்லை. தண்ணீர் புகுந்த டிரம் பிரேக் பற்றி நான் ஆசிரியர் அறையில் ஆற்றிய அத்தனை சொற்பொழிவுகளும் அந்தக் கணத்தில் ஞாபகம் வந்தன. சரிவின் கீழே, தண்ணீர் ஓரத்தில், பூக்களால் கட்டிய ஒரு வளைவு. அதற்கு அப்பால் கணுக்கால் தண்ணீரில் பட்டும் கோட்டுமாக ஒரு ஜோடி. கல்யாணத்துக்கு முந்தைய போட்டோ ஷூட். கேமராக்காரர் மணலில் படுத்துக்கொண்டு, "மேடம், கொஞ்சம் இயல்பா சிரிங்க மேடம்" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார்.

"பைய மாப்ள, பைய" என்றார் மாமா. அலுவலகத்தில் கோப்பைத் திருப்பி அனுப்புகிற அதே குரலில்.

"விலகுங்க" என்று நான் கத்தினேன். எல்லோரும் விலகினார்கள். பூ வளைவு மட்டும் விலகவில்லை. நான் அதற்குள் புகுந்தேன், மாமாவும் புகுந்தார். அவருடைய வேட்டி மட்டும் அதில் மாட்டிக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டது. வண்டியோடு நாங்கள் ஆற்றுக்குள் போய், இடுப்பளவு தண்ணீரில் கவிழ்ந்தோம்.

நான் எழுந்து பார்த்தபோது மாமா தண்ணீருக்குள் உட்கார்ந்திருந்தார். கழுத்துக்கு மேலே மட்டும் தெரிந்தது. கண்ணாடி அப்படியே இருந்தது.

"அடி பட்டுச்சா மாமா?"

"இல்ல."

"எந்திரிங்க, கரைக்குப் போவோம்."

"வேட்டிய எடுத்துட்டு வாங்க" என்றார். அப்போதுதான் கரையில் எல்லோரும் எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேன். பூ வளைவின் உச்சியில் வெள்ளை வேட்டி காற்றில் படபடத்துக்கொண்டிருந்தது.

கல்யாணப் பெண் சிரிக்க ஆரம்பித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மாப்பிள்ளையின் தோளில் சாய்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். கேமராக்காரர் பாய்ந்து எழுந்து படபடவென்று படம் எடுத்தார். நான் வேட்டியை எடுக்கப் போனபோது கையைக் காட்டித் தடுத்தார். "சார், ஒரு நிமிஷம், அதை எடுக்காதீங்க. பெரியவர், நீங்களும் தண்ணிக்குள்ளயே இருங்க. வெளிய வந்துராதீங்க."

வாழ்நாள் முழுக்க மற்றவர்களைக் காக்க வைத்த தாசில்தார், அந்தப் பெண் சிரித்து முடிக்கும்வரை ஆற்றில் காத்திருந்தார்.

சத்தம் கேட்டு ஓடிவந்த காக்காவும் போட்டோ ஆட்களுமாக வண்டியைக் கரையேற்றினார்கள். அதைத் தலைகீழாகச் சாய்த்ததும் சைலன்சரிலிருந்து தாமிரபரணி கொட்டியது. காக்கா அது நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அமைதியாகக் கேட்டார். "தம்பி, பழசா புதுசான்னு இன்னும் யோசிக்குதீங்களா?"

"பழசுதான் காக்கா" என்றேன்.

திரும்பும் வழியில் ஈரம் சொட்டச் சொட்ட மாமா ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தார். நான் பேசவில்லை. வீட்டுக்குப் போனதும் என் கோப்பில் 'நிராகரிக்கப்பட்டது' என்று எழுதி மூடிவிடுவார் என்று நினைத்தேன். ஸ்ரீவைகுண்டம் தாண்டும்போது தொண்டையைச் செருமினார்.

"வர்ற ஞாயித்துக்கிழமை உங்களுக்கு ஏதும் சோலி இருக்கா?"

"இல்ல மாமா."

"அதுக்குள்ள பிரேக்கை ரிப்பேர் பாத்து வச்சிருங்க. அடுத்த மட்டம் நான் ஓட்டுதேன். நீங்க பின்னால உக்காருங்க."

அந்தப் பெண்ணின் கல்யாணத்துக்குக் காக்கா மூலமாக எங்களுக்கும் பத்திரிகை வந்தது. மண்டப வாசலில் பெரிய பேனர். அதில் மணப்பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் தோளுக்குப் பின்னால், ஆற்றின் நடுவே, கண்ணாடி போட்ட ஒரு தலை. மாமா அதன் எதிரே நின்று வெகுநேரம் பார்த்துவிட்டு, "எடுப்பாத்தான் இருக்கு" என்றார்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் மாமா பேண்ட் போட்டுக்கொண்டு என் வீட்டு வாசலில் நிற்கிறார். நான் ஒரு சுற்று, அவர் மூன்று சுற்று. மாலையில் சகதியோடு அவரைக் கொண்டுபோய் விடும்போதெல்லாம் அத்தை கதவைத் திறந்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்காரிக்கும் கேட்கும்படி சொல்வார். "ஊருல எல்லா மருமவனும் பொண்ணைத்தான் கூட்டிட்டுப் போவான். எங்களுக்கு வாய்ச்சவரு எம் புருஷனையும் சேத்துல்லா கூட்டிட்டுப் போயிட்டாரு."