வரலாறு போற்றும் என்று நானே பேனர் வைத்தேன்

வாயைக் கொடுத்துக் கெட்டவர்கள் ஊரில் ஆயிரம் பேர் இருப்பார்கள். நான் அடுத்தவர் வாயை எடுத்துக் கெட்டவன்.

படிப்பு ஐந்தாம் வகுப்பு. அதிலும் முழுப் பரீட்சை எழுதவில்லை. சிம்மக்கல்லில் தலையில் சாக்குக்கட்டு சுமந்தவன், பிறகு அதே சாக்கை விற்று மூன்று மாடி கட்டினேன். மதுரையிலிருந்து கிளம்பும் எந்த வெங்காய மூட்டையைத் தொட்டாலும் அதன் சட்டை என் கடையில் வாங்கியதாக இருக்கும். (கொஞ்சம் கூடச் சொல்கிறேன். பாதி மூட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள்.)

அந்தத் தகுதியில் எங்கள் தெரு வியாபாரிகள் சங்கத்துக்கு இரண்டு முறை தலைவரானேன். மொத்தம் எட்டு வருஷம். அதில் என் பெரிய சாதனை, தெரு முனையில் கட்டிய அலங்கார வளைவு. கருங்கல்லில் ‘தலைவர் முத்தையா’ என்று இரண்டடி உயர எழுத்து. ஒரே ஒரு குறை, லோடு ஏற்றிய லாரி அதற்குள் நுழையாது. மெயின் ரோட்டிலேயே நிறுத்தி, மூட்டையைத் தலையில் சுமந்து உள்ளே கொண்டு வரவேண்டும். (காலி லாரி தாராளமாகப் போகும். அதை யாராவது சொன்னார்களா?)

சந்தானம் சார் எனக்குப் பழக்கமானது அந்தக் காலத்தில்தான். கல்லூரியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவர். திருப்பரங்குன்றத்தில் வீடு. தினமும் காலையில் டவுன் பஸ் பிடித்து எங்கள் பக்கத்து நூலகத்துக்கு வருவார். போகும் வழியில் என் கடையில் ஒரு டீ. சங்கத் தேர்தலை இரண்டு முறையும் நடத்திக் கொடுத்தவர் அவர்தான். எந்தக் கட்சியும் இல்லாதவர், எங்கள் தொழிலும் இல்லாதவர், யாருக்கும் சொந்தமும் இல்லை. ஓட்டுப்பெட்டிக்கு வீட்டிலிருந்து தன் சொந்தப் பூட்டைக் கொண்டு வருவார். “சார் பூட்டுப் போட்டா சரியா இருக்கும்” என்று எதிரிகளும் சொல்வார்கள். அந்த ஒரு பேச்சில் அவருக்கு இருந்த பெருமை, பென்ஷனில்கூட இருந்ததில்லை.

மூன்றாம் முறையும் நான் நின்றேன். எதிரே அட்டைப்பெட்டிக் கடை பாண்டி. வயது முப்பத்தைந்து இருக்கும். பயல் நன்றாகப் பேசுவான். அந்த வாரத்தில் ஒரு நாள் சாரிடம் கேட்டேன்.

“சார், அமெரிக்காவுல ஜனாதிபதிகளுக்கெல்லாம் பரீட்சை மாதிரி மார்க்குப் போடுறாங்களாமே, டிவியில சொன்னான். யாரு சார் போடுறது?”

“வரலாறு படிச்சவங்க. எல்லாரையும் வரிசையா நிறுத்தி, யாரு மேல யாரு கீழன்னு.”

“உசுரோட இருக்கும்போதேவா?”

“அப்பவும் போடுவாங்க, ஆனா அது நிக்காது. பதவியில இருந்தப்ப ஊரே திட்டின ஆளு, ஐம்பது வருஷம் கழிச்சு அந்தக் காலத்துக் காகிதமெல்லாம் வெளிய வந்ததும் மேல ஏறியிருக்காரு. கொண்டாடின ஆளு கீழ இறங்கியிருக்காரு. ஆனா ஒண்ணு அண்ணே...”

அந்த நேரம் பார்த்து எனக்குப் போன். விருதுநகர் பார்ட்டி. நான் விலை பேசிக்கொண்டே தலையாட்டினேன். சார் டீயைக் கையில் வைத்துக்கொண்டு மீதியைச் சொல்லி முடித்தார். ஒரு வார்த்தை என் காதில் ஏறவில்லை. எனக்கு வேண்டியதுதான் கிடைத்துவிட்டதே!

தேர்தல் நடக்கும் பொதுக்குழுவுக்கு முந்தின நாள் என் வளைவுக்குக் கீழேயே பன்னிரண்டடி பேனர் கட்டினேன். ‘திட்டு வாங்கிய தலைவரையே வரலாறு போற்றும் – பேராசிரியர் சந்தானம்.’ ஒரு பக்கம் நான், காதில் செல்போனோடு. மறு பக்கம் கைகூப்பியபடி சார். என் மகன் கல்யாணத்துக்கு வந்தபோது எடுத்த படத்தில் பொண்ணு மாப்பிள்ளையை வெட்டிவிட்டு அவரை மட்டும் எடுத்துக்கொண்டோம். இப்போது பார்த்தால் அவர் என்னைத்தான் கும்பிடுகிறார்.

“சார்கிட்ட ஒரு வார்த்தை சொன்னீங்களா?” என்றாள் என் மனைவி பஞ்சவர்ணம்.

“அவரே சொன்னதுதான்டி இது. அவர்கிட்டயே போய் எதுக்குச் சொல்லணும்?”

இந்த அறிவை வைத்துக்கொண்டுதான் நான் மூன்று மாடி கட்டியிருக்கிறேன்.

மறுநாள் சாருடைய ஆட்டோ பின் தெரு வழியாக வந்து அவரை மண்டப வாசலில் இறக்கிவிட்டது. அதனால் பேனரை அவர் பார்க்கவே இல்லை. மேடையில் பெட்டியும் பூட்டுமாக உட்கார்ந்திருந்தார். பாண்டி எழுந்தான்.

“தலைவரே, சாக்குத் தைக்கிற பொம்பளையாளுக அம்பது பேரு நம்ம தெருவுல இருக்காங்க. ஒரு கக்கூஸ் உண்டா? காலையில வந்தா சாயந்தரம் வரைக்கும் தண்ணி குடிக்காம உக்காந்திருக்காங்கண்ணே. நீங்க வளைவு கட்டியிருக்கீங்க.”

நியாயமான கேள்வி. நியாயமான பதில் ஒன்றும் என்னிடம் இல்லை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு மைக்கைப் பிடித்தேன்.

“தம்பி, அமெரிக்காவுல பெரிய பெரிய ஜனாதிபதியெல்லாம் இம்புட்டுத் திட்டு வாங்கலையா? அன்னைக்குத் திட்டு வாங்கினவங்கதான் இன்னைக்கு முதல் வரிசை. நான் சொல்லல, சந்தானம் சாரே சொல்லியிருக்காரு. நம்மளப் பத்தித்தான் சொன்னாரு!”

(‘நம்மளப் பத்தி’ என்பது மேடையில் நின்ற வேகத்தில் சேர்ந்துகொண்டது. பேனரில்கூட இல்லை.)

பாண்டி தன் செல்போனில் இருந்த பேனர் படத்தை மேடையில் கொண்டுபோய் நீட்டினான். “சார், நீங்க இப்படிச் சொன்னீங்களா?”

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். ஆமாம் என்றால் அவர் என் ஆள் ஆகிவிடுவார். இல்லை என்றால் நான் பொய்யன். அத்தனை பேரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

“பாதி சொன்னேன்” என்றார். “மீதியையும் சொல்லிடுறேன். திட்டு வாங்கினவங்க எல்லாரும் பெரிய ஆளா ஆகிடல. நிறையப் பேரு அந்தத் திட்டுக்குத் தகுதியானவங்கதான். வரலாறு பாத்துக்கும்னு சொல்றவங்ககிட்ட முதல்ல ஒண்ணு பாக்கணும், இன்னைக்குக் கேட்டதுக்குப் பதில் சொல்லிட்டாங்களான்னு. இதையும் அன்னைக்கே சொன்னேன். முத்தையா அண்ணனைப் பத்தி நான் எதுவும் சொல்லல.”

மண்டபம் சிரித்த சிரிப்பில் மேல் ஃபேன் நின்றுவிடும் போலிருந்தது. அதைக்கூட நான் தாங்கியிருப்பேன். பின் வரிசையிலிருந்து ஒருவன் கத்தினான்.

“சாக்குக் கடை டீ ருசியா இருந்துச்சா சார்?”

சார் சட்டென்று எழுந்துவிட்டார். சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து மேஜையில் வைத்தார். “ஒரு வேட்பாளரோட பேனர்ல என் படம் இருக்கு. இனி இந்தப் பெட்டியை நான் தொடக்கூடாது” என்றார். படியில் இறங்கும்போது யாரோ பிடிக்க வந்த கையை வேண்டாம் என்றார். பூட்டையும் எடுத்துக்கொள்ளவில்லை.

நான் தோற்றேன். அது பெரிய விஷயமில்லை.

ஒரு வாரம் கழித்து ஆப்பிளும் ஆரஞ்சும் வாங்கிக்கொண்டு திருப்பரங்குன்றம் போனேன். திட்டுவார் என்று நினைத்துப் போனவனை உட்காரச் சொல்லிக் காபி கொடுத்தார். அதில்தான் எனக்குப் பயம் வந்தது.

“மன்னிச்சிருங்க சார். எனக்குப் படிப்பு பத்தாது.”

“படிப்புக்கும் இதுக்கும் சம்பந்தமில்லைண்ணே” என்றார். “ஒருத்தன் சொன்னதை அவன் சொன்ன மாதிரியே எழுதணும். முப்பது வருஷம் பசங்களுக்கு நான் சொல்லிக் கொடுத்தது அது ஒண்ணுதான். உங்க கடையில எட்டு வருஷம் உக்காந்து பேசியிருக்கேன், அங்க சொல்ல விட்டுப்போச்சு.”

வாசல் வரை வந்து வழியனுப்பினார். அதன்பிறகு நூலகத்துக்கு வேறு தெரு வழியாகப் போக ஆரம்பித்தார். அதில் கால் மைல் அதிகம். முழங்கால் வலியோடு அந்தக் கால் மைலை அவர் நடந்தது எனக்காகத்தான்.

பாண்டி கக்கூஸ் கட்டினான். வளைவை இடித்தான். மூன்று வருஷம் கழித்து சங்கத்துக்குச் சிறப்பு மலர் ஒன்று அச்சிட்டார்கள். சங்க வரலாற்றை எழுதிக் கொடுத்தவர் சந்தானம் சார். எல்லாக் கடையிலும் ஏறி இறங்கி விசாரித்தார். என் கடைக்கு மட்டும் வரவில்லை. எனக்குத் தூக்கம் போயிற்று. பழிவாங்கக் கையில் பேனா கிடைத்த மனுஷன், சும்மா விடுவாரா? நானாக இருந்தால் விடமாட்டேன்.

மலர் வந்ததும் மருமகள் கவிதாவைப் படிக்கச் சொன்னேன். வீடே கூடி உட்கார்ந்தது.

“‘முத்தையா தலைவராக இருந்த எட்டு ஆண்டுகளில் கழிப்பறை கட்டப்படவில்லை. வளைவு கட்டப்பட்டது. அதனால் சுமை தூக்குவோருக்கு நடை கூடியது. ஊரடங்கின்போது, ஊருக்குப் போக முடியாத சுமைத் தொழிலாளர்களைத் தன் கடை மாடியில் தங்கவைத்து அவர் சோறு போட்டார். இது சங்கப் பதிவேட்டில் இல்லை. அங்கே தங்கியவர்கள் சொன்னது.’”

பஞ்சவர்ணம் மூக்கை உறிஞ்சினாள். கவிதா அடுத்த வரியில் நின்று, பிறகு மெதுவாகப் படித்தாள்.

“‘வளைவு எதற்கு என்று அவரிடம் ஒருமுறை கேட்டேன். அவர் சொன்ன பதில் இது: பேரு ஒழுங்கா எழுதத் தெரியாமப் பள்ளிக்கூடத்தை விட்டு வந்தவன் சார் நான். எங்கயாவது ஒரு இடத்துல அழியாம எழுதி வச்சுப் பாக்கணும்னு இருந்துச்சு.’”

கவிதா மலரை மடியில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

“மாமா, நீங்க இப்படிச் சொன்னீங்களா?”

“ஆமாம்மா. ஒரு எழுத்து மாறல.”

இப்போது எங்கள் வீட்டில் எதில் பெயர் எழுதினாலும் இதுதான் பேச்சு. பேரன் நோட்டுக்கு லேபிள் ஒட்டினாலும் சரி, பஞ்சவர்ணம் எவர்சில்வர் குடத்தில் பெயர் வெட்டக் கொடுத்தாலும் சரி, “அழியாம எழுதி வச்சுப் பாக்கணுமா தாத்தா?” என்று ஒரு குரல் வரும். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அந்த வார்த்தையை நான் இந்த வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை. சாரிடம் மட்டும்தான் சொல்லியிருந்தேன்.