சொந்த வீட்டு வாளிக்குச் சிவப்புச் சீட்டு

ஓசூர்,
வியாழக்கிழமை

கெலமங்கலம் பெரிய மச்சான் பெரியதம்பி அவர்களுக்கு மாப்பிள்ளை முனிவேல் வணங்கி எழுதுவது. அங்கே தாங்களும் ராஜலட்சுமி அக்காவும் தோட்டத்துத் தக்காளியும் குறைவில்லாமல் இருக்க முருகனை வேண்டுகிறேன். என் நலத்தைப் பற்றி எழுதினால் காகிதமே நாறும் என்பதால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். தங்கள் தங்கை ருக்மணி கோபித்துக்கொண்டு தங்கள் வீட்டுக்கு வந்து இன்றோடு நான்கு நாளாகிறது. அவள் என்ன காரணம் சொன்னாளோ தெரியாது. உண்மைக் காரணம் ஒரு பால் கவர். போனில் பேசினால் பக்கத்தில் நின்று கேட்பாள், நடுவில் பிடுங்கியும் பேசுவாள் என்பதால் அன்றைக்கே கொண்டுவந்து கொடுக்கும் கூரியரில் அனுப்புகிறேன்.

மச்சானுக்குத் தெரியாததல்ல, முப்பத்தொரு வருடம் கம்பெனியில் தரப் பரிசோதகராக இருந்தவன் நான். ஒரு போல்ட்டில் மயிரிழை கோடு இருந்தாலும் சிவப்புச் சீட்டு ஒட்டித் திருப்பி அனுப்பியவன். ரிட்டயர் ஆன மறு மாதமே எங்கள் குறிஞ்சி கார்டன் குடியிருப்போர் சங்கத்தில் என்னைக் குப்பைக் கமிட்டித் தலைவராகப் போட்டார்கள். வேறு யாரும் கையைத் தூக்கவில்லை என்று ருக்மணி சொல்வாள், அதை நம்ப வேண்டாம். பச்சை வாளியில் மக்கும் குப்பை, நீல வாளியில் மக்காத குப்பை, சிவப்பு வாளியில் ஊசி, பல்பு, பேட்டரி. இவ்வளவுதான் விதி. இதைப் புரியவைக்க மூன்று கூட்டம் போட்டேன். மூன்றிலும் தேங்காய் ஓடு எந்த வாளி என்பதிலேயே நின்றோம். ஜான்பீட்டர் சார் எழுந்து, "தேங்கா இருக்கற வரைக்கும் பச்சைங்க, சுரண்டிட்டா நீலங்க" என்றார். அப்படியானால் பாதி சுரண்டியது எந்த வாளி என்று ஒருவர் கேட்க, முடிவு வரும்வரை எல்லோரும் ஓட்டைக் காலி மனையில் வீசுவது என்று ஏகமனதாகத் தீர்மானம் ஆனது. இந்த ஊரில் ஏகமனதாக ஆன ஒரே தீர்மானம் அதுதான்.

மற்றவர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். எதிர்வீட்டுக் குருமூர்த்தி, தண்ணீர் லாரிக்கு வாரம் பூராவும் புலம்புகிறவர், ஒரு தயிர் டப்பாவைக் கழுவ இரண்டு குடம் ஊற்றிவிட்டு பூமியைக் காப்பாற்றிவிட்டதாக வாட்ஸ்அப்பில் படம் போடுகிறார். மூன்றாவது வீட்டு மேகலா டீச்சர் பேப்பர், இரும்பு, பாட்டில் மூன்றையும் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிட்டு, அவர் வேண்டாம் என்றதை மட்டும் நீல வாளியில் கட்டி, "எங்க வீட்டுல எல்லாமே ரீசைக்கிள்தாங்க" என்கிறார். குழந்தை டயப்பரைத் துணி என்று வாதாடிய வீடும் உண்டு. விதியை எல்லோரும் மதிக்கிறார்கள், பக்கத்து வீட்டுக்காரர் மீறும்போது.

ஆகவே கம்பெனி முறையைக் கொண்டுவந்தேன். ஒவ்வொரு பைக்கும் ஒரு சீட்டு. அதில் வீட்டு எண், தேதி, பிரித்தவர் பெயர், கைபேசி எண். பழுது எங்கே வந்தது என்று ஒரு நொடியில் தெரிந்துவிடும். தவறான பைக்குச் சிவப்புச் சீட்டு ஒட்டி, வாசலிலேயே வைத்துவிட்டுப் போக வேண்டும். நம் வீட்டுக்கு மட்டும் இருநூறு சீட்டை ருக்மணி பெயரிலேயே, அவள் நம்பருடன் முன்கூட்டியே அச்சடித்து வைத்தேன். வேலையைப் பகிர்ந்துகொள்வது என்றால் இதுதான்: திட்டம் என்னுடையது, செயல் அவளுடையது.

திங்கட்கிழமை காலை வண்டி வந்தது. சங்கத்து வண்டியில் குப்பை வாங்கும் சாராளும் நானும் வீடு வீடாகப் போனோம். பதினாறு வீட்டில் ஒன்பதுக்குச் சிவப்புச் சீட்டு ஒட்டினேன். பத்தாவது சீட்டு வாங்கியது நம் வீடு. பச்சை வாளியைக் கிளறினால் கீரைத் தண்டுக்கு அடியில் ஒரு பால் கவர். மச்சானே சொல்லுங்கள், தெருவே வாசலில் நிற்கிறது, என் வீடு என்று விட முடியுமா? ஒட்டினேன். பெரிய எழுத்தில் 'நிராகரிக்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். குருமூர்த்தி கை தட்டினார். சாராள் தட்டவில்லை. "சார், இந்தத் தெருவுல நான் கைய வுட்டுப் பொறுக்க வேண்டாத வாளி அம்மாவோடது ஒண்ணுதான். மத்ததுல கண்ணாடிச் சில்லு குத்தி மூணு தடவ தையல் போட்டாச்சு. நீங்க இதுக்குப் போயி சீட்டு ஒட்றீங்க" என்றாள். தரக் கட்டுப்பாட்டில் உணர்ச்சிக்கு இடமில்லை என்று அவளுக்கு விளக்கினேன்.

ருக்மணி வாசலுக்கு வந்து சீட்டைப் படித்தாள். கத்தியிருந்தால் சமாளித்திருப்பேன். மெதுவாகக் கேட்டாள்: "முப்பத்தேழு வருசம் ஆக்கிப் போட்டேன். ஒருநாளாவது நல்லாருக்குதுன்னு ஒரு சீட்டு ஒட்டுனீங்களா?" நல்லதற்குச் சீட்டு ஒட்டும் முறை எங்கள் கம்பெனியில் இல்லை என்றேன். உள்ளதைத்தான் சொன்னேன். அவள் துணிப்பையை எடுத்துக்கொண்டு, உங்கள் ஊர் வழியாகப் போகும் தேன்கனிக்கோட்டை பஸ் ஏறிவிட்டாள்.

இப்போது தாங்கள் செய்ய வேண்டியது. ஞாயிற்றுக்கிழமை சங்கங்களின் கூட்டமைப்பிலிருந்து மூன்று பேர் வந்து சிறந்த தெருவுக்குக் கேடயம் கொடுக்கப் போகிறார்கள். முதலில் தலைவர் வீட்டைத்தான் பார்ப்பார்களாம். எனவே ருக்மணி சனிக்கிழமை மாலைக்குள் வந்தாக வேண்டும். வந்ததும் பால் கவர் தன் தவறுதான் என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், தெருவில் வேண்டாம், என்னிடம் சொன்னால் போதும். இனி கவரைக் கழுவிக் காயவைத்து நீலத்தில் போட வேண்டும். இதற்குச் சம்மதித்தால் நானும் பழையதை மறந்துவிடுகிறேன். தாங்கள் பெரியவர், நாலு வார்த்தை நல்லபடியாக எடுத்துச் சொல்லுங்கள். அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம். தக்காளி விலை ஏறட்டும், மழை அளவாகப் பெய்யட்டும்.

தங்கள் அன்புள்ள,
முனிவேல்

பின்குறிப்பு (வெள்ளிக்கிழமை):

மச்சான், கூரியர் கடை திறக்குமுன் இதையும் எழுதிவிடுகிறேன். நான்கு நாள் குப்பை வீட்டிலேயே கிடந்தது. எதை எதில் போடுவது என்று எனக்குப் பிடிபடவில்லை. டீத்தூள் இருக்கும் பேப்பர் கப் எந்த வாளி? கருகின உப்புமா ஒட்டிய ஃபாயில் எந்த வாளி? சாராளிடம் கேட்க வாய் வரவில்லை. எல்லாவற்றையும் ஒரே பையில் கட்டி, பழக்க தோஷத்தில் சீட்டும் ஒட்டி, விடிந்ததும் ஸ்கூட்டரில் கர்நாடக எல்லையைத் தாண்டிப் போய் ரோட்டோரம் போட்டேன். பெங்களூர் வேலைக்குப் போகிற நம் தெருப் பையன்கள் பாதிப் பேர் செய்வதுதான். அங்கே போட்டால் தமிழ்நாடு சுத்தமாக இருக்கும் அல்லவா? வண்டியைத் திருப்புமுன் அந்த ஊர்க்காரர் ஒருவர் சாவியைப் பிடுங்கிக்கொண்டார். "யஜமான்ரே, ஈ கசா நிம்தா?" என்று, இந்தக் குப்பை உங்களுடையதா என்று கன்னடத்தில் கேட்டார். என்னுடையது இல்லை என்றேன். எல்லை ஊர்க்காரர் அல்லவா, பையைத் திருப்பித் தமிழ்ச் சீட்டைத் தடுமாறாமல் படித்தார். பிரித்தவர்: ருக்மணி. கீழே நம்பர். அவளுக்கே போன் போட்டு, பையைப் பிரித்துக் காட்டிப் படமும் அனுப்பி, ஸ்பீக்கரில் வைத்தார்.

படத்தைப் பார்த்த அவள் நிதானமாகச் சொன்னாள்: "சீட்டு எங்களுதுதாங்க. குப்பை எங்களுது இல்லீங்க. எங்க வீட்டுக் குப்பை இப்படி இருக்காது."

அந்த ஆள் அதை நம்பவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. ரோட்டோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அவர் காட்டக் காட்ட ஒரு மணி நேரம் பிரித்தேன். மேலே எழுதிய நிபந்தனை எதையும் அவளிடம் சொல்ல வேண்டாம். கேடயம் எந்தத் தெருவுக்காவது போகட்டும். நாளை முதல் பஸ்ஸில் நானே வருகிறேன். அவள் என்னைப் பார்க்கச் சம்மதிப்பாளா என்று மட்டும் கேட்டு வையுங்கள்.