நெட்டையார் கையில் இருந்த குடை

என் அன்புள்ள நெட்டையாருக்கு,

இங்கே நான் நலம். அங்கே நீங்கள் நலமா என்று கேட்பதுதான் கடிதத்துக்கு மரியாதை என்று ஐந்தாம் வகுப்பில் சொல்லிக் கொடுத்தார்கள். அதோடு நான் படிப்பை நிறுத்திவிட்டதால், போய்ச் சேர்ந்து ஏழு மாதம் ஆனவரிடம் அதை எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. சமையலறைக் குழாய் ஒழுகுவது நின்றுவிட்டது. நாளைக்குப் பார்க்கிறேன், நாளைக்குப் பார்க்கிறேன் என்று மூன்று வருஷம் சொன்னீர்களே, அது பொறுத்துப் பார்த்துவிட்டுத் தானாகவே நின்றுவிட்டது.

நிற்க. இந்தக் கடிதம் உங்கள் இடது கையைப் பற்றியது. உங்கள் முகம் போட்டோவில் இருக்கிறது, சட்டை அலமாரியில் இருக்கிறது, கை மட்டும் எங்கேயும் இல்லை. எல்லாப் போட்டோவிலும் முழுக்கைச் சட்டை, அல்லது கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஏதோ விசாரணைக்குக் கூப்பிட்டதுபோல் நிற்கிறீர்கள். முழங்கைக்குக் கீழே பச்சை குத்தியிருந்த அந்தக் குடை மறந்துபோய்விடுமோ என்று எனக்குப் பயம் வந்துவிட்டது. அதை என் கையில் குத்திக்கொள்வது என்று முடிவு செய்தேன். நான் வேலை பார்க்கும் விடுதியில் என்னோடு படுக்கை விரிப்பு மடிக்கும் அக்கா, இந்த வயசிலா என்றாள். வேறு எந்த வயசு மிச்சம் இருக்கிறது என்று கேட்டுவிட்டு, சோப்பு டப்பாவின் அட்டையைக் கிழித்துப் படம் போட்டேன். மேலே வளைந்த குடை, நடுவில் தண்டு, கீழே பிடிக்கு வளையம், வளையத்துக்குப் பக்கத்தில் குறுக்கே ஒரு சின்னக் கம்பி. அந்தக் கம்பி எதற்கு என்று எனக்கு எப்போதுமே சந்தேகம்தான். மடக்குகிற விசையாக இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

துணைக்கு உங்கள் தம்பியைக் கூட்டிக்கொண்டு போனேன். கடையில் ஒரு பெண், கழுத்து வரைக்கும் பூ, பேச்சில் நல்ல மரியாதை. அட்டையை வாங்கிப் பார்த்தாள், தலைகீழாகத் திருப்பினாள், “நங்கூரமாம்மா?” என்றாள். குடை என்று நான் திருப்பி வைத்தேன். அவள் மறுபடியும் திருப்பினாள். இப்படி நாலு தடவை ஆன பிறகு உங்கள் தம்பி தொண்டையைச் செருமினார்.

“அண்ணி, அண்ணன் கையில இருந்தது நங்கூரம்தான். உங்களுக்குத் தெரியாதா?”

அந்தப் பெண் பாவம், நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்து, சுவரில் இருந்த படங்களுக்கெல்லாம் அர்த்தம் சொன்னாள். அந்தக் காலத்தில் பெருங்கடலைத் தாண்டிய கப்பல்காரர்கள் நங்கூரம் குத்திக்கொள்வார்களாம், ஐயாயிரம் மைல் போனால் ஒரு குருவியாம், வீட்டுக்கு வழி தெரிய ஒரு நட்சத்திரமாம். ஒரு காலில் பன்றியும் ஒரு காலில் சேவலும் குத்தினால் மூழ்க மாட்டார்களாம், ஏனென்றால் கப்பல் கவிழ்ந்தாலும் அதுகளை அடைத்த மரக்கூண்டு மிதக்குமாம். நான் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டேன். மொட்டைமாடித் தொட்டியில் தண்ணீர் ஆடுவதைப் பார்த்தாலே உங்களுக்குத் தலை சுற்றும், இதில் எந்தக் கடலைத் தாண்டினீர்கள் என்று உங்கள் தம்பியைக் கேட்டேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். பத்தொன்பது வயதில் கப்பல் வேலைக்குப் போவதாக ஊரெல்லாம் சொல்லி, முதலில் நங்கூரத்தைக் குத்திக்கொண்டு, பிறகு கப்பல் ஏறி, அது கரையை விட்டு நகர்வதற்கு முன்பே வாந்தி எடுத்து இறங்கிவிட்டீர்களாம். அப்புறம்தான் லிஃப்ட் பழுது பார்க்கும் வேலையாம். கூட வேலை பார்த்தவர்கள் உங்களைக் கப்பல் என்று கூப்பிட்டது அதனால்தானாம். உயரமான ஆள், திரும்ப நேரமாகும், அதனால் கூப்பிடுகிறார்கள் என்று நான் நினைத்திருந்தேன்.

சரி, குடைக்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன். அந்தப் பெண் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “குடைக்கு எதுவும் போடலம்மா. நனையாம இருக்கறதுன்னு வெச்சுக்கலாம்” என்றாள்.

நெட்டையாரே, கல்யாணமான புதிதில் இது குடையா என்று நான் கேட்டபோது நீங்கள் ஆமாம் என்றீர்கள். கையிலேயே குடையை வைத்துக்கொண்டு இப்படி நனைந்து வருகிறீர்களே என்று இருபத்தாறு மழைக்காலமும் சொன்னேன், ஒவ்வொரு தடவையும் சிரித்தீர்கள். நான் சொன்னதற்குச் சிரிக்கிறீர்கள் என்று இருந்தேன். என்னைப் பார்த்துச் சிரித்தீர்கள் என்று ஒரு கடையில், பன்றிப் படத்துக்குக் கீழே உட்கார்ந்து தெரிந்துகொண்டேன். பச்சையும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று எழுந்து வந்துவிட்டேன். உங்கள் சட்டைகளை மூட்டை கட்டிக் கதவுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். நாளைக்குக் காலையில் உங்கள் தம்பி வந்து எடுத்துப் போவார். இனிமேல் கனவில் வருவதாக இருந்தால் வேறு யார் கனவிலாவது போய்க்கொள்ளவும்.

அங்கே உங்கள் அம்மா அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லவும். உங்களுக்கு இல்லை.

இப்படிக்கு,
எதுவும் தெரியாத உங்கள் மனைவி

பி.கு.: கடிதத்தை மடித்து வைத்த பிறகு மனசு கேட்காமல் தனியாகப் போய்க் குத்திக்கொண்டு வந்துவிட்டேன். எந்த முனை எந்தப் பக்கம் என்று அந்தப் பெண் கேட்டாள். உங்கள் கையில் தலை வைத்துப் படுக்கும்போது என் காது படுகிற முழங்கைப் பக்கம் வளையம், உள்ளங்கைப் பக்கம் வளைவு என்றேன். அப்படியானால் கையைத் தொங்கவிட்டால் எதிரில் நிற்பவர்களுக்கு நங்கூரம்தான் தெரியும் என்றாள். தெரியட்டும் என்றேன். வலித்தது. பஸ்ஸில் வரும்போது எரிகிறதே என்று கையைத் தூக்கி முகத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன். குடை. குத்திக்கொண்டவருக்கு அது குடையாகத்தான் தெரிகிறது. மூட்டையைப் பிரித்துச் சட்டைகளைத் திரும்ப மாட்டிவிட்டேன். காலையில் உங்கள் தம்பி வந்து காட்டுங்க அண்ணி என்பார், நான் கையை எந்தப் பக்கமாக நீட்டட்டும்?