கிளாவர் பத்தும் விச்சு மாமாவும்

எனக்கு ஒரு வியாதி. யாராவது சீட்டாடினால் பின்னால் நின்று பேசாமல் இருக்க முடியாது. ஆடத் தெரியுமா என்று மட்டும் கேட்காதீர்கள். (ஆடினால் முதலில் அவுட் ஆவது நான்தான்.) ஆனால் அடுத்தவர் கையிலிருக்கும் பதிமூன்று சீட்டை ஒரு நொடி பார்த்தால் போதும். எதைப் போட வேண்டும், எதை உயிர் போனாலும் போடக்கூடாது என்று நாக்கு தானாகவே சொல்ல ஆரம்பித்துவிடும். இந்த வியாதியால்தான் என் அப்பா ஊரறிய அவமானப்பட்டார்.

எண்பதுகளின் நடுவில் நான் பம்பாய் மாட்டுங்காவில் காலேஜ் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் பேட்டையின் தமிழ் சபாவில் வருஷத்துக்கு ஒருமுறை ரம்மிப் போட்டி நடக்கும். பரிசு ஒரு வெள்ளிக் கோப்பை. பதினோரு வருஷமாக ஆடி ஒரு தடவைகூட ஃபைனலை எட்டிப் பார்க்காத அப்பா, அந்த வருஷம் எட்டிவிட்டார். ரேடியோவுக்குப் பக்கத்தில் கோப்பை வைக்க இடம்கூட ஒழித்தாயிற்று.

அப்பா செமி ஃபைனலில் தோற்கடித்தது விச்சு மாமாவை. சபாவில் அவரை யாரும் அசைத்ததில்லை. தோற்று மூன்றாவது வாரம் மாரடைப்பில் போய்விட்டார். ஃபைனல் அன்று ஹாலில் அவருடைய பெரிய படத்தை மாட்டி, ரோஜா மாலை போட்டு, மேஜையில் அவருக்கென்று ஒரு நாற்காலியும் காலியாக விட்டிருந்தார்கள். முதல் ஆட்டத்தில் அந்த நாற்காலிக்கும் பதிமூன்று சீட்டு விழுந்தது. யாரும் தொடவில்லை. படம் சரியாக அப்பாவுக்கு எதிரே இருந்தது.

ஜூலை மாத ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம் மூன்று மணி. மழையில் வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. பொட்டென்று கரண்டும் போனது. மேஜையில் பெட்ரோமாக்ஸ் ஏற்றினார்கள். அந்த வெளிச்சத்தில் விச்சு மாமாவின் கண்ணாடி மட்டும் பளபளத்தது.

என்னோடு செல்லத்துரை வந்திருந்தான். தாராவிக்காரன், பூர்வீகம் திருநெல்வேலி; அவன் அப்பா அங்கே தோல் பை தைக்கும் பட்டறை வைத்திருந்தார். கிரிக்கெட்டுக்குக் கமெண்டரி சொல்வதுபோல் நாங்கள் ரம்மிக்குக் கமெண்டரி சொல்லுகிறவர்கள். பத்து நிமிஷத்தில் சபா காரியதரிசிக்குக் கோபம் வந்துவிட்டது.

"வாயை வச்சுண்டு சும்மா இருக்கத் தெரியாதவா எல்லாம் உள்ளே போங்கோ!"

'எல்லாம்' என்றது எங்கள் இரண்டு பேரைத்தான். உள்ளே என்பது சாமான் அறை. அதன் ஜன்னல் அப்பாவின் முதுகுக்குப் பின்னால், பத்தடி தூரத்தில் இருந்தது. மைதானத்தில் இதைவிட நல்ல இடம் கிடைக்குமா? ஜன்னல் திண்டில் கைக்குட்டை சுற்றிய டார்ச் மாதிரி ஏதோ கிடந்தது. இருட்டுக்கு ஆகுமே என்று அதன் பொத்தானைத் தள்ளிப் பார்த்தேன். எரியவில்லை. அங்கேயே வைத்துவிட்டு, அதன் மேல் கவிழ்ந்தபடி ஆட்டத்தைப் பார்த்தேன்.

மிச்சம் இருந்தது அப்பாவும் நீலா மாமியும்தான். மாமி பாங்க் உத்தியோகம். முகத்தில் ஒன்றும் தெரியாது.

"எல, ஒங்கப்பா கை எங்க போவுது பாரு," என்றான் செல்லத்துரை.

அப்பாவின் விரல் கிளாவர் பத்தின் மேல் இருந்தது.

"ஐயோ, போடாதே," என்று முணுமுணுத்தேன். "மாமி இப்பத்தானே கிளாவர் ஒன்பதை எடுத்தா. பத்தைப் போட்டா ஷோ அடிச்சுடுவா."

தகரக் கூரையில் மழை கொட்டியது. அந்தச் சத்தத்தில் என் முணுமுணுப்பு எனக்கே கேட்டிருக்கக்கூடாது. ஆனால் ஹாலில் எல்லாரும் சிலை மாதிரி ஆகிவிட்டார்கள். அப்பாவின் கை அந்தரத்தில் நின்றது. எல்லோர் பார்வையும் படத்தின் மேல்.

"யாரோ பேசறாடா," என்றேன்.

'பேசறாடா' என்றது எதிர்ச் சுவர்.

ஈரமான, மெலிந்த, மூக்கடைத்த குரல். மாலைக்குள்ளிருந்து வந்தது.

"எல, நாம சொல்லுறத அது திருப்பிச் சொல்லுது," என்றான் செல்லத்துரை, என் சட்டையைப் பிடித்துக்கொண்டு.

'திருப்பிச் சொல்லுது,' என்றது படம்.

(விச்சு மாமாவுக்குக் கும்பகோணம். செத்த சில நாளிலேயே மனிதர் திருநெல்வேலிக்காரராகிவிட்டாரே என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை.) கரண்ட் இல்லாத ஹாலில் ஸ்பீக்கர் பேசும் என்று யார் நினைப்பார்கள்? முன்வரிசையில் ஒருவர் பூணூலைப் பிடித்துக்கொண்டார். நீலா மாமியின் முகத்தில் முதல்முறையாக ஏதோ தெரிந்தது.

நான் வாயை மூடியிருக்கலாம். வியாதிக்காரன் ஆயிற்றே.

"அவருக்கு எல்லாம் தெரியும்டா," என்றேன்.

'எல்லாம் தெரியும்டா.'

அப்பா எழுந்தார். சீட்டைக் கவிழ்த்து வைத்தார். படத்தைப் பார்த்துக் கைகூப்பினார். அவர் தோள் குலுங்குவது எனக்கு ஜன்னலிலிருந்து தெரிந்தது.

"விச்சு, மன்னிச்சுடுடா. அன்னிக்கு உன் மூக்குக் கண்ணாடியில உன் சீட்டெல்லாம் தெரிஞ்சுது. பாத்துட்டேன். பாத்துத்தான் ஜெயிச்சேன். எனக்குக் கோப்பை வேண்டாம்."

அப்போது விச்சு மாமா பலமாகத் தும்மினார்.

இரண்டாவது தும்மலில் செல்லத்துரை மூக்கைத் துடைத்துக்கொண்டான். அதே சமயம், டீ குடிக்கப் போயிருந்த மைக்செட்காரர் நனைந்துகொண்டே உள்ளே ஓடி வந்தார்.

"அரே, மைக் மே கோன் போல் ரஹா ஹை? பேட்டரி காலி ஹோ ஜாயேகா!"

மைக்கில் பேசிப் பேட்டரியைத் தீர்ப்பது யார் என்கிறார். கரண்ட் போனதும் பரிசு அறிவிப்புக்காக ஆம்ப்ளிஃபயரை கார் பேட்டரியில் மாட்டிவிட்டுப் போயிருக்கிறார். ஸ்பீக்கர் பெட்டி படத்துக்குப் பின்னால். என் டார்ச்தான் மைக்.

ஹாலே சிரித்தது. ஆனால் சொன்ன சொல்லைத் திரும்ப எடுக்க முடியுமா? கோப்பை நீலா மாமிக்குப் போனது. அப்பாவின் கிளாவர் பத்து மேஜையிலேயே கிடந்தது.

இன்றும் எங்கள் வீட்டில் டப்பாவில் மைசூர்பாகு குறைந்தால் அம்மா சொம்புக்குள் வாயை வைத்து, "எல்லாம் தெரியும்டா," என்பாள். சர்க்கரை வியாதிக்கார அப்பா உடனே எத்தனை துண்டு என்று ஒப்புக்கொள்வார்.

ஆனால் அன்று சபாவிலிருந்து வரும் வழியெல்லாம் அவர் எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தார். எங்கள் பில்டிங் மாடிப்படியில்தான் நின்றார்.

"மத்ததெல்லாம் சரிடா. மொதல்ல என்னை 'நாணா'ன்னு எதுக்குக் கூப்பிட்டே?"

அப்பா பெயர் நாராயணன். பம்பாய்க்கு வந்த புதிதில் ஒரே ரூமில் இருந்த விச்சு மாமா மட்டும்தான் அவரை நாணா என்பாராம். அந்தப் பெயரை அந்த மாடிப்படியில்தான் நான் முதன்முதலாகக் கேட்டேன். செல்லத்துரைக்கோ அப்பாவின் பெயரே தெரியாது.

அப்பா கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தார்.

"விளையாட்டுக்குத்தாம்பா," என்றேன்.

அப்பா நீளமாக மூச்சு விட்டார். என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்துவிட்டு, நிம்மதியாகப் படியேறினார்.

வீட்டுக்கு யார் வந்தாலும் இந்தக் கதை உண்டு. அந்த இடம் வந்ததும் அப்பா என்னைக் காட்டி, "பெத்த அப்பனை நாணான்னு கூப்பிட்ட மகராஜன்!" என்பார். எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நானும் ஆமாம், ஆமாம் என்று கூடவே சிரித்துவைக்கிறேன்.