டாங்கிக் கப்பல் அண்ணையின் குடை

தொண்ணூறுகளில் ரொறன்ரோவில் இருந்த தமிழர்களில், ஒரு கொண்டாட்டத்துக்குப் போய் நினைத்த நேரத்துக்கு வீடு திரும்பிய ஒரே மனிதர் டாங்கிக் கப்பல் அண்ணைதான். இதை எந்த ஹோலிலும் மைக் பிடித்துச் சொல்ல நான் தயார். மற்ற நாங்களெல்லாம் ஐந்து மணி என்று அடித்த கார்ட்டை நம்பிப் போவோம். வீடியோக்காரர் வரவேணும், கேக் வெட்டவேணும், "சாப்பிடாமல் போகேலாது" என்று வாசலில் மறிக்கிறவரிடம் தப்பவேணும். வீடு வந்து சேர மறுநாளாகிவிடும்.

சென் ஜேம்ஸ் ரவுணில் ஒரே அடுக்குமாடிக் கட்டடம்; அவர் ஒன்பதாம் மாடி, நாங்கள் மூன்றாம் மாடி. எழுபது தாண்டிய திருகோணமலைக்காரர். சொந்தப் பெயர் கட்டடத்தில் ஒருவருக்கும் தெரியாது. உலக யுத்த காலத்தில், இளந்தாரியாக, அங்கே கடற்படைத் துறைமுகத்தில் வேலை செய்தவர். டாங்கிகளைக் கொண்டுபோய் எதிரியின் கரையில் இறக்குகிற கப்பல் ஒன்று அங்கே வந்ததாம். எலிவேற்றரில் ஏறினால் அதன் சரித்திரம் தொடங்கும். ஒன்பதாம் மாடி வந்தாலும், கதவைக் காலால் மறித்துக்கொண்டு மனிதர் பர்மாக் கரையில் நிற்பார்.

"பேர் கிடையாது தம்பி, நம்பர்தான். பேர் யோசிக்க நேரமில்லாமல் கட்டினவங்கள். மற்றக் கப்பல் கரை தட்டினால் கப்டனுக்கு வேலை போகும். இது கரை தட்டாட்டித்தான் வேலை போகும்!"

முன்பக்கம் அலுமாரிபோல இரண்டு கதவு திறந்தது, பர்மாவில் இறக்கியது, மலாயாவில் இறக்கியது, யுத்தம் முடிந்து அரிசி ஏற்றியது, எல்லாம் ஒப்புவிப்பார். ஒருநாள் என் மனைவி கேட்டேவிட்டாள்.

"அண்ணை, நீங்கள் அதிலை எத்தினை வருஷம் ஓடினீங்கள்?"

"வருஷமோ? பதினொரு நாள், பிள்ளை. கறள் சுரண்டிப் பெயின்ற் அடிச்சனான்."

"அப்ப பர்மா?"

"பர்மாவுக்குக் கப்பல் போனது. நான் வாறவை போறவையிட்டை விசாரிச்சுக்கொண்டிருந்தனான்."

முகத்தில் மருந்துக்கும் வெட்கம் இல்லை.

ஆனால் அந்தப் பதினொரு நாளில் அவர் ஒரு வித்தை படித்திருந்தார். "கரைக்கு வர முந்தியே பின்னாலை கடலுக்குள்ளை ஒரு நங்கூரம் போட்டிடுவாங்கள். அலுவல் முடிஞ்சால் அந்த வடத்தைச் சுத்தி இழுக்கிறதுதான். கப்பல் தன்ரைபாட்டிலை கழண்டு வந்திடும்."

அண்ணையின் நங்கூரம் ஒரு கறுப்புக் குடை. பிறந்தநாளோ சாமத்தியவீடோ, போகமுன் எங்கள் வீட்டுக் கதவின் பின்னால் அதைக் கொளுவிவிட்டுப் போவார். அங்கே ஒரு மணித்தியாலம் இருப்பார். பிறகு திடுக்கிட்டு எழும்புவார். "ஐயோ, குடையை ஒரு வீட்டிலை விட்டிட்டன்!" குடை எடுக்கப் போகிற மனிதரை யார் மறிப்பார்கள்? மாசி மாதப் பனிக்குள்ளும் இது பலித்தது.

ஒரேயொரு முறை பிழைத்தது. பன்னிரண்டாம் மாடிப் பிறந்தநாள்காரர் பெரிய விண்ணர், குடை வித்தையைக் கண்டுபிடித்துவிட்டார். அண்ணை எழும்பமுன் கீழே வந்து என் மனைவியிடம் குடையை வாங்கிக்கொண்டுபோய் அவர் மடியில் வைத்துவிட்டார். அந்த வீடியோவில் அண்ணை கடைசிப் பேச்சுவரை குடையைக் கட்டிப்பிடித்தபடி கைதிபோல இருக்கிறார். இரண்டு கிழமை எங்களோடு பேசவில்லை. பேசியபோது சொன்னது இதுதான்: "நங்கூரத்தை எதிரியிட்டைக் குடுத்திட்டீர், பிள்ளை."

அவருடைய மகள் பிக்கரிங்கில் புதுவீடு வாங்கி, தகப்பனுக்கென்று ஒரு அறையும் ஒதுக்கியிருந்தாள். ஞாயிறு தவறாமல் போன் வரும். இவர் ஏதாவது சாட்டுச் சொல்லுவார். ஏன் போகவில்லை என்று ஒருநாள் கேட்டேன்.

"கப்பலின்ரை முடிவு உமக்குச் சொல்லேல்லையே? வித்துப்போட்டாங்கள். வாங்கினவன் நல்ல அமைதியான கரையாப் பாத்து ஏத்தினான். அந்தமுறை பின்னாலை நங்கூரம் போடேல்லை. அதிலை வைச்சே வெட்டி இரும்பாக்கிப்போட்டான்."

எல்லாத்துக்கும் சிரிக்கிற எனக்கு அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. "பிக்கரிங்கிலையிருந்து ட்ரெயின் ஓடுது, அண்ணை," என்றேன்.

"ஓடுது தம்பி. திரும்பி வர ஒரு சாட்டு வேணுமெல்லே."

அந்த வருஷம் எலிவேற்றர் பழுதாகி, படியில் இறங்கும்போது சறுக்கிக் காலை உடைத்துக்கொண்டார். இனி மறுக்க வழியில்லை. ஒரு சனிக்கிழமை மகள் சாமான் ஏற்ற ஒரு வான் வண்டியோடு வந்தாள். அண்ணை பொல்லூன்றி எங்கள் வீட்டுக்குள் வந்து, குடையை வழக்கமான இடத்தில் கொளுவினார்.

"அப்பா, வெளியிலை மழை. குடையை எடுங்கோ," என்றாள் மகள்.

"உது அங்கையே கிடக்கட்டும்." பிறகு என் மனைவியைப் பார்த்தார். "பிள்ளை, இந்தமுறை ஆர் வந்து கேட்டாலும் குடுத்துப்போடாதையும்."

மூன்றாம் கிழமை கதவு தட்டுப்பட்டது. "குடையை விட்டிட்டன்," என்றபடி வந்தார். தேத்தண்ணி குடித்தார், மலாயாவில் டாங்கி இறக்கினார், குடையை எடுக்காமல் போனார். மாதம் ஒருமுறையாவது அப்படி மறந்த குடைக்காக வந்தார். அந்த மனிதரில் எங்களுக்கு எவ்வளவு விருப்பம் என்று அந்த நாட்களில்தான் தெரிந்தது.

பிறகு நாங்கள் வெக்ஸ்போர்ட்டுக்கு வீடு மாறினோம். பெட்டிகள் ஒன்றும் பிரிக்கவில்லை. என் மனைவி சுத்தியலைத் தேடியெடுத்து, கதவின் பின்னால் முதலில் ஒரு ஆணி அடிக்கச் சொன்னாள்.