டீமேக்கர் ஐயாவோடு ஒத்தக்கல் மலைக்கு

எங்கள் டீமேக்கர் ஐயா தம் ஆயுளில் துப்பிய தேநீரையெல்லாம் ஓரிடத்தில் தேக்கி வைத்திருந்தால், இலங்கை மலைநாட்டில் லிந்துலைக்கும் தலவாக்கலைக்கும் நடுவே அரசாங்கம் இன்னோர் அணைக்கட்டுக் கட்டியிருக்கலாம். தேயிலைத் தொழிற்சாலையில் துப்புவது அவருடைய உத்தியோகம். தேயிலையின் தரம் பார்க்கிறவர் ஒரு வாய் உறிஞ்சி, நாக்கில் உருட்டி, துப்பத்தான் வேண்டும். ஆனால் உத்தியோகத்தைத் தொழிற்சாலையோடு விட்டுவிட்டு வர அவருக்குத் தெரியாது. கம்பவுண்டர் அந்தோனி வீட்டு ஞானஸ்நான விருந்தில் துப்பினார். தோட்டத்துத் தொரையின் பங்களாவில் தொரைசாணி தன் கையாலேயே ஊற்றிக் கொடுத்ததை ரோஜாத் தொட்டியில் துப்பினார். வேறு ஆளாயிருந்தால் அன்றைக்கே வேலை போயிருக்கும். அவரைப் போலத் தேயிலை செய்ய அந்தப் பக்கத்தில் ஆளில்லாததால், தொரை ரோஜாத் தொட்டியைத்தான் இடம் மாற்றினார்.

தலவாக்கலைத் தேநீர்க் கடைக்காரர் ஒருநாள் கெஞ்சிப் பார்த்தார்.

"ஐயா, வாசல்ல துப்பாதீங்க. யாவாரம் கெட்டுப் போகுதுங்க."

"நான் துப்புறதால கெடலப்பா. இத நீ விக்கிறதால கெடுது" என்றார் ஐயா.

ஐம்பதுகளின் கடைசியில் ஓர் ஐப்பசி மாதம். நான் தோட்டத்து ஆபீசில் சின்னக் கிளார்க்கு. தலவாக்கலையில் ஒரு வாத்தியாரின் மகளைத் தேர்த் திருவிழாவில் ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டுச் சோறு இறங்காமல் கிடந்தேன். பெண் பார்க்க நாள் குறித்த முதல் தடவை எனக்குப் பொன்னுக்குவீங்கி வந்து முகம் பூசணிக்காயாகிவிட்டது. வாத்தியார் மறுபடியும் நாள் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி. இந்தத் தடவையும் வராவிட்டால் வேறு இடம் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியனுப்பியிருந்தார். எனக்கு இங்கே பெரியவர்கள் கிடையாது. மாப்பிள்ளை வீட்டுப் பெரியவராக வர டீமேக்கர் ஐயாதான் ஒப்புக்கொண்டிருந்தார்.

அவருக்குச் சனிக்கிழமை காலையில் ஒரு யோசனை வந்தது.

"ஒன் மூஞ்சியில ரெத்தமே இல்ல தம்பி. இன்னிக்கு மத்தியானம் ஒத்தக்கல் மல ஏறுவோம். ராத்திரி அங்கனயே படுத்துட்டு, நாளைக்குப் பத்து மணிக்கெல்லாம் எறங்கிருவோம். மொகம் பளிச்சுன்னு ஆயிரும் பாரு."

விநாச காலே விபரீத புத்தி. நானும் அந்தோனியும் கிளம்பிவிட்டோம். கூடாரத்துக்கு, லாரியை மூடுகிற படங்கை அந்தோனி சுமந்தார். கம்பளிகள் என் முதுகில். அரிசியும் மற்றதும் ஐயாவின் பொறுப்பு. காட்டைத் தாண்டி உச்சிக்குப் போய்ப் படங்கைக் கட்டிவிட்டுப் பார்த்தால், அவருடைய பெட்டியில் ஆறு வெள்ளைக் கோப்பைகளும் ஒரு கேத்தலும் தேயிலையும்தான் இருந்தன.

"அரிசி எங்கங்க?" என்றார் அந்தோனி.

"பாரம் தாங்கலய்யா. பாதியில எறக்கி வச்சிட்டேன்."

"கோப்பைய எறக்கி வச்சிருக்கலாமேங்க!"

"கோப்ப இல்லாம என்னத்துக்குய்யா மல ஏறணும்?"

அந்தோனியின் மனைவி கட்டிக் கொடுத்திருந்த ரொட்டியும் கட்டச் சம்பலும்தான் எங்களைக் காப்பாற்றின. ஆனாலும் பொய் சொல்லக் கூடாது. மழை விட்டிருந்தது. கீழே தொழிலாளர் லயங்களில் விளக்குகள் ஒவ்வொன்றாய் ஏறின. ஐயா தாமே போட்ட தேநீரை நீட்டினார். அப்படியொரு தேநீரை அதற்கு முன்னாலும் நான் குடித்ததில்லை, பின்னாலும் குடித்ததில்லை. அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

மறுநாள் காலையில்தான் சனியன் பிடித்தது. மூன்று ஊற்றுகளின் தண்ணீரைத் தனித்தனியாகக் கொதிக்கவைத்துப் பார்த்தால்தான் எது உசத்தி என்று தெரியும் என்றார் ஐயா. மூன்றாவது தண்ணீர் கொதிப்பதற்குள் பனிமூட்டம் வந்து மூடிக்கொண்டது. நீட்டிய கை தெரியவில்லை. இறங்க ஆரம்பித்தவர்கள் ஒரே பாறையை மூன்று தடவை பார்த்தோம். முகத்தில் ஏற வேண்டிய ரத்தத்தையெல்லாம் அட்டைகள் காலிலேயே உறிஞ்சிவிட்டன. பன்னிரண்டரை மணிக்குப் பாதை இரண்டாகப் பிரிந்தது. அந்தோனி வலது பக்கம் என்றார், நான் இடது பக்கம் என்றேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஐயா மட்டும் மூக்கைத் தூக்கினார்.

"கருகுது."

"என்னங்க கருகுது?"

"தேயில! நேத்துக் கொழுந்த இப்பக் காய வைக்கிறான், சூடு கூடிப்போச்சு. இப்பிடிக் கருக்குறவன் இந்த வட்டாரத்துலயே ஒருத்தன்தான். பள்ளத்துத் தோட்டத்து டீமேக்கர்! வாங்க."

அந்த மூக்கைப் பிடித்துக்கொண்டு நடந்தோம். முக்கால் மணி நேரத்தில் பனிக்குள்ளிருந்து ஒரு தொழிற்சாலை எழுந்து நின்றது. பிழைத்தோம் என்று நான் கும்பிடுவதற்குள் ஐயா உள்ளே பாய்ந்துவிட்டார். அந்த டீமேக்கரை நிற்கவைத்து, சூட்டைக் குறைக்கச் சொல்லி, ஒவ்வொரு தட்டாய் மோந்து மோந்து ஒரு மணி நேரம் திட்டினார். நான் காலில் விழாத குறை. கடைசியில் அந்தப் புண்ணியவான்தான், இவர் போய்த் தொலைந்தால் போதும் என்று, தோட்டத்து லாரியில் எங்களை ஏற்றி அனுப்பினார்.

வாத்தியார் வாசலில் நின்றபோது மணி நாலு. சேறும், அட்டைக்கடி ரத்தமும், ஒருநாள் தாடியுமாக நாங்கள் மூவர்.

"மூணு மணின்னு சொல்லியிருந்தேன்" என்றார் வாத்தியார்.

"பஸ்ஸு பழுதாகி..." என்று நான் இழுத்தேன்.

"பொய் சொல்லாத தம்பி" என்று அதட்டினார் ஐயா. "மன்னிச்சுக்கங்க வாத்தியாரய்யா. புள்ளய மலைக்குக் கூட்டிக்கிட்டுப் போயி வழி தப்ப விட்டது நான். தப்பு பூரா என்னோடது."

வாத்தியார் உள்ளே வரச் சொன்னார். உட்கார்ந்தோம். அவள் தட்டோடு வந்தாள். தட்டில் தேநீர். அதன் வாடை எனக்கே எட்டியது. புகையும் கசப்பும், நாலு தடவை கொதித்த கொதிப்பும். அந்தோனி சிலுவை போட்டுக்கொண்டார்.

ஐயா உறிஞ்சினார். கன்னம் உப்பியது. ஜன்னலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். என் முகத்தில் என்ன கண்டாரோ, கண்ணை இறுக மூடி விழுங்கினார். தொண்டை ஏறி இறங்கியதை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். மீதியையும் ஒரே மடக்கில் குடித்துவிட்டுக் கேட்டார்:

"இன்னொரு கோப்ப கெடைக்குமாம்மா?"

அந்த வீட்டில் அதுவரை யாரும் அதைக் கேட்டதில்லை போலிருக்கிறது. வாத்தியார் அவரை வெறித்துப் பார்த்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். கதவுக்குப் பின்னால் அவளும் சிரித்தது கேட்டது. தை மாதத்தில் கல்யாணம் என்று அங்கேயே முடிவாயிற்று.

ரோட்டுக்கு வந்ததும் ஐயா என் தோளில் கை போட்டார். "தங்கமான புள்ள தம்பி. டீய மட்டும் நீ போடு."

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் டீ போடுவது நான்தான். ஐயா வருகிற அன்றைக்கு மட்டும் என் மனைவி என்னை அடுப்படிப் பக்கம் விட மாட்டாள், தானே போட்டுக் கொண்டுவந்து வைப்பாள். போய்ச் சேரும் வரைக்கும் அவர் ஒரு சொட்டு மிச்சம் வைத்ததில்லை, மகராசன்.